ஆர்கேட் ஆட்டம் வீட்டுக்கு வந்த கதை: பழைய போர்ட்டுகளை ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ட் என்று எதைச் சொல்கிறோம்?

காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் முதலில் வந்த ஆட்டத்தை, வீட்டு டிவியில் செருகி ஆடும் கன்சோலுக்கோ கணினிக்கோ ஏற்ப மறுபடி எழுதினால் அது போர்ட். "மறுபடி எழுதுவது" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1980களில் பெரும்பாலும் மூல நிரல் கைக்கே வராது. போர்ட் செய்பவருக்கு ஓர் ஆர்கேட் இயந்திரம் கிடைக்கும், சில நேரம் அதுவும் கொஞ்ச நாளுக்குத்தான். அவர் அதை ஆடிப் பார்த்து, குறிப்பெடுத்து, எதிரி எங்கிருந்து எப்போது வருகிறான் என்று கண்ணால் அளந்து, அத்தனையையும் புதிதாக எழுத வேண்டும். எனவே ஒரு போர்ட்டில் அதைச் செய்தவரின் கை கட்டாயம் தெரியும். இந்தப் போர்ட்டுகள் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வந்ததற்குக் காரணமும் அதுதான்.

அசலை அப்படியே கொண்டுவர ஏன் முடியவில்லை?

ஆர்கேட் பலகை ஓர் ஆட்டத்தையோ ஒரு சில ஆட்டங்களையோ ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது. விலையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, நாள் முழுக்க காசு விழுந்துகொண்டே இருக்கும். வீட்டு இயந்திரம் மலிவாக இருக்க வேண்டும், எல்லா ஆட்டத்துக்கும் பொதுவாகவும் இருக்க வேண்டும்.

ஒரே ஓர் உதாரணம். ஆர்கேட் பேக்-மேனில் நிரலுக்கு 16 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட், ஆக மொத்தம் 24 கிலோபைட் ரோம், அதாவது அழியாமல் நிலைத்திருக்கும் நினைவகம். அடாரி 2600 கன்சோலுக்கு வந்த பேக்-மேன் கேட்ரிட்ஜில், அதாவது கன்சோலில் செருகும் ஆட்டப் பெட்டியில், இருந்தது வெறும் 4 கிலோபைட். ஆடும்போது எழுதி அழிக்கும் நினைவகமான ராம் அந்தக் கன்சோலில் 128 பைட். கிலோபைட் இல்லை, பைட்! இந்தப் பத்தியின் இரண்டாம் வாக்கியத்தைச் சேமிக்கக்கூட அது போதாது.

அப்படியானால் ஒரு போர்ட் நல்லதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

பலரும் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அது போதாது. நான் முதலில் பார்ப்பது கையைத்தான். ஆர்கேடில் பழகிய கை இங்கே வேலை செய்கிறதா? எந்த நொடியில் தாவினால் தப்பிக்கலாம் என்று விரலுக்குத் தெரியுமே, அந்த நொடி இங்கேயும் அதே நொடிதானா? நிறம் குறைந்தாலும் கண் நாலு நிமிடத்தில் பழகிவிடும். தாளம் தப்பினால் கை கடைசி வரை பழகாது.

அடுத்தது, எதை வெட்டினார்கள் என்பது. எல்லாப் போர்ட்டிலும் ஏதோ ஒன்று போயிருக்கும். போனது ஆட்டத்தின் உயிரா, உடுப்பா என்று பார்க்க வேண்டும்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் வந்த ஆர்கேட் ஆட்டத்தில் 5 வரிசை, வரிசைக்கு 11 என்று 55 வேற்றுக்கிரகவாசிகள். 1980இல் அடாரி 2600க்கு ரிக் மௌரர் எழுதியதில் 36 பேர்தான், தடுப்புச் சுவரும் நான்குக்கு மூன்று. ஆனால் சுட்டுக் குறைக்கக் குறைக்க மிச்சமிருப்பவர்கள் வேகமெடுக்கும் அந்தப் பதற்றம் அப்படியே இருக்கிறது. இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. ஆர்கேடில் அந்த வேகம் திட்டமிட்டு வந்தது இல்லை. அதன் செயலி ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் ஒரு முறை வரையும் படத்துக்கு, ஓர் உருவத்தைத்தான் நகர்த்தும். 55 பேர் இருந்தால் ஒரு சுற்று முடிய 55 ஃபிரேம், 5 பேர் இருந்தால் 5 ஃபிரேம். ஆள் குறைந்தால் வேகம் தானாகக் கூடும். அங்கே தானாக வந்ததை வீட்டுக் கன்சோலில் வேண்டுமென்றே உருவாக்க வேண்டியிருந்தது. எது உயிர் என்று மௌரருக்குப் புரிந்திருந்தது. ஆர்கேடிலிருந்து முறைப்படி உரிமம் வாங்கி வீட்டுக் கன்சோலுக்கு வந்த முதல் ஆட்டமே இதுதான். அந்தக் கன்சோலை வாங்க வைத்ததும் இதுதான்.

அடாரி 2600 பேக்-மேன் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

ஆமாம், ஏமாற்றம்தான். ஆனால் எங்கே தவறியது என்று பார்த்துவிட்டுச் சொல்வோம்.

அடாரி 2600 அடிப்படையில் ஒரே நேரத்தில் இரண்டு உருவங்களை வரையத்தான் செய்யப்பட்டது, மூன்று சிறு புள்ளிகளைத் தவிர. பேக்-மேன் ஆட்டத்துக்கு ஐந்து உருவங்கள் வேண்டும்: பேக்-மேனும் அவனைத் துரத்தும் நான்கு பேய்களும். 1982இல் இதை எழுதிய டாட் ஃபிரை, ஒரு ஃபிரேமுக்கு ஒரு பேய் என்று முறை வைத்தார். நான்கு ஃபிரேமுக்கு ஒரு முறைதான் ஒவ்வொரு பேயும் திரையில் வரும். பழைய பிக்சர் டியூப் டிவியில் ஒளி கொஞ்சம் தங்கும் என்பதால் ஓரளவு சமாளித்தது. ஆட்டத்தைப் படம்பிடித்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள், நான்கு பேய்களை ஒரே படத்தில் பார்க்கவே முடியாது. ஆடும்போது நான்கும் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

மினுக்கலை நான் மன்னிப்பேன். மற்றதை மன்னிக்க மனம் வரவில்லை. கருப்புப் பின்னணி நீலமாகிவிட்டது. புள்ளிகள் சிறு கோடுகளாகிவிட்டன. இடமும் வலமும் இருந்த சுரங்க வழிகள் மேலும் கீழும் போய்விட்டன. ஆர்கேடில் பாதைகளைப் பாடமாகப் படித்து வைத்திருந்தவருக்கு இங்கே ஒன்றுமே உதவாது.

அடுத்த ஆண்டே, 1983இல், அதே கன்சோலுக்கு மிஸ் பேக்-மேன் வந்தது. கேட்ரிட்ஜ் 8 கிலோபைட். பேய்கள் ஒரே உயரத்தில் நெருங்கும்போதுதான் மினுக்கும், மற்ற நேரத்தில் திடமாக நிற்கும். நான்கு விதமான பாதைகளும் உண்டு. எனவே "அந்தக் கன்சோலால் முடியாது" என்ற வாதம் நிற்காது. இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள். கூடுதலாக 4 கிலோபைட்டும் யோசிக்க அவகாசமும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

டாங்கி காங்கில் ஒரு கட்டத்தைக் காணோமே, ஏன்?

1981இன் ஆர்கேட் டாங்கி காங்கில் நான்கு கட்டங்கள்: 25, 50, 75, 100 மீட்டர். அதில் 50 மீட்டர், அந்தக் கன்வேயர் பெல்ட் தொழிற்சாலை, வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் வழியிலேயே இறங்கிவிட்டது. கேட்ரிட்ஜில் இடமில்லை என்பதே காரணம். 1982இன் கொலேகோவிஷனில் மூன்று கட்டம். அடாரி 2600இல் இரண்டே இரண்டு. 1983 ஜூலையில் ஃபேமிகாம் கன்சோலோடு சேர்ந்து வெளிவந்த நின்டெண்டோவின் சொந்தப் போர்ட்டிலும் மூன்றுதான். நான்கும் வேண்டுமென்றால் அடாரியின் 8-பிட் கணினிகளுக்கு லேண்டன் டையர் எழுதிய பதிப்பைத் தேடுங்கள்.

என் கருத்தில் ஃபேமிகாம் பதிப்பு ஒரு கட்டம் குறைந்தும் நல்ல போர்ட். மாரியோவின் நடை, பீப்பாய் உருளும் வேகம், சுத்தியல் இசை எல்லாம் சரியாக வந்திருக்கின்றன. இந்த ஆட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்கேடில் திரை நின்றவாக்கில் உயரமாக இருக்கும், வீட்டு டிவி படுத்தவாக்கில் அகலமாக இருக்கும். ஏறிப்போக வேண்டிய கோபுரத்தை நசுக்கினால்தான் திரைக்குள் அடங்கும். மேலிருந்து கீழே நகரும் சுடும் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் இதே தலைவலி. சிலர் பக்கத்தில் மதிப்பெண் பலகையை வைத்து அகலத்தை அடைத்தார்கள், சிலர் எல்லாவற்றையும் மறுபடி வரைந்தார்கள். மறுபடி வரைந்தவர்களே பெரும்பாலும் ஜெயித்தார்கள்.

சூப்பர் நின்டெண்டோ ஃபைனல் ஃபைட்டைப் பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

முதல் நிமிடத்தில் பிரமாதமாகவும் பத்தாவது நிமிடத்தில் வெறுமையாகவும் தெரிவதால்தான்.

1989இல் கேப்காமின் சிபிஎஸ்-1 பலகையில் வந்த ஆட்டம் இது. தெருவில் நடந்துகொண்டே அடிதடி. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். கோடி, ஹாகர், கை (Guy) என்று மூன்று வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். 1990 டிசம்பரில், சூப்பர் ஃபேமிகாம் (சூப்பர் நின்டெண்டோவின் ஜப்பானியப் பெயர்) வெளிவந்து ஒரு மாதத்தில், வீட்டுப் பதிப்பு வந்துவிட்டது. பெரிய உருவங்கள், செறிவான நிறங்கள். பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். ஆனால் கை என்ற வீரர் இல்லை. இருவர் ஆட்டம் இல்லை. தொழிற்சாலைக் கட்டமும் அதன் தலைவன் ரொலெண்டோவும் இல்லை. எதிரிகளோ இரண்டு மூன்று பேராகத்தான் வருகிறார்கள்.

கடைசியில் சொன்னதுதான் ஆட்டத்தைக் கொன்றது. ஆர்கேடில் ஒரு கும்பலே சூழ்ந்துகொள்ளும். அதில் ஒருவனைப் பிடித்துத் தூக்கி மற்றவர்கள் மேல் வீசி, நாலு பேரையும் ஒரே அடியில் சாய்ப்பதுதான் ஆட்டத்தின் இன்பம். மூன்று பேர் வந்தால் வீச யாருமில்லை, வாங்கிக்கொள்ளவும் யாருமில்லை. அடிக்கிறோம், நடக்கிறோம், மறுபடி அடிக்கிறோம்.

இதற்குப் பின்னால் நியாயமான காரணம் உண்டு. சூப்பர் நின்டெண்டோவில் நகரும் உருவங்களுக்கென்று ஒரே நேரத்தில் எட்டக்கூடிய பட நினைவகம் 16 கிலோபைட்தான். ஹாகர் மாதிரி ஆஜானுபாகுவான உருவம் ஒவ்வொன்றும் அடுத்த அசைவுக்கு மாறும்போது புதுப் படத்தை அங்கே ஏற்ற வேண்டும். திரை வரைந்து முடிந்து அடுத்தது தொடங்கும் முன் உள்ள இடைவெளியில் ஏற்ற முடிவது சுமார் 6 கிலோபைட். ஆள் கூடக் கூட நெரிசல். கேட்ரிட்ஜும் 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட்தான். ஆனால் 1993இல் அதே கன்சோலுக்கு வந்த ஃபைனல் ஃபைட் 2இல் இருவர் ஆட முடிகிறது. ஆக, முதல் ஆட்டத்துக்கு அவசரம் இருந்தது, கன்சோல் புதிது, இடம் போதவில்லை. மூன்றும் சேர்ந்துகொண்டன.

சேகாவின் மெகா டிரைவ் கன்சோலோடு இணைத்து ஆடும் மெகா-சிடிக்கும் இந்த ஆட்டம் வந்தது. அதில் நிறம் மங்கல், மெகா டிரைவ் குடும்பத்தில் திரைக்கு 64 நிறம்தானே. ஆனால் மூன்று வீரர்கள், இருவர் ஆட்டம், விட்டுப்போன கட்டம், எல்லாம் இருக்கின்றன. படத்தை வைத்துப் பார்த்தால் சூப்பர் நின்டெண்டோ ஜெயிக்கும். ஆடிப் பார்த்தால் மெகா-சிடிதான். எனக்கு இதில் தயக்கமே இல்லை.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு எந்தப் பதிப்பு?

1992இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு 16 மெகாபிட் கேட்ரிட்ஜில் வந்தது. ஆர்கேடில் திரை அகலம் 384 புள்ளி, இங்கே 256. எல்லா உருவத்தையும் அந்த அளவுக்குச் சுருக்கித் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் கையில் பிடித்தால் ஆர்கேட் ஞாபகம் வந்துவிடும். ஆறு பொத்தான் தேவைப்படும் ஆட்டம், அந்தக் கன்சோலின் பேடில் (கையில் பிடித்து ஆடும் கருவி) முகப்பில் நான்கும் மேல் விளிம்பில் இரண்டுமாக ஆறு இருந்தது.

மெகா டிரைவுக்கு 1993இல் வந்தது ஸ்பெஷல் சாம்பியன் எடிஷன், 24 மெகாபிட். வழக்கமான பேடில் மூன்றே பொத்தான். அதை வைத்து ஆடினால் குத்துக்கும் உதைக்கும் நடுவே ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி மாற வேண்டும். அது ஆட்டமே இல்லை. அதற்காகவே சேகா ஆறு பொத்தான் பேடை வெளியிட்டது. அந்தப் பேடோடு ஆடினால் வேகமும் துல்லியமும் அருமை, ஆறும் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில். குரல்கள்தான் தொண்டை கட்டியவை போல ஒலிக்கும்.

அப்புறம் பிசி எஞ்சின் பதிப்பு. அதுவும் 1993, 20 மெகாபிட் ஹூகார்டு, அதாவது அந்தக் கன்சோலின் மெல்லிய கேட்ரிட்ஜ். 1987இல் வந்த கன்சோலில் இப்படி ஒன்றா என்று இன்றும் வியக்கிறேன்.

பிசி எஞ்சினை ஆர்கேட் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவது ஏன்?

ஆர்-டைப் என்ற ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். விண்கப்பலில் பறந்து சுடும் 1987இன் ஆர்கேட் ஆட்டம், அடுத்த ஆண்டே பிசி எஞ்சினில். ஒரு கார்டில் அடங்காமல் ஜப்பானில் இரண்டு கார்டுகளாக, நான்கு கட்டம் ஒன்றில், மீதி மற்றொன்றில் என்று வந்தது. திரை உயரம் போதாததால் கப்பல் மேலே போனால் காட்சியும் கொஞ்சம் மேலே நகரும். நெரிசலில் மினுக்கும். ஆனால் குண்டுகள் வரும் வரிசை, இடுக்குகளின் அளவு, முன்னாலும் பின்னாலும் பொருத்திக்கொள்ளும் அந்த ஃபோர்ஸ் உருண்டையின் நடத்தை எல்லாம் சரி. எட்டு பிட் செயலியில் இதைக் கொண்டுவந்தார்கள்.

வீட்டுக் கணினிகளில் வந்தவை எல்லாம் குப்பை என்பது சரியா?

இல்லை. நிறைய குப்பை உண்டு, மறுக்கவில்லை. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் ஒருவரோ இருவரோ சில மாதங்களில் எழுதியவை பல. அமிகாவுக்கு வந்த பல போர்ட்டுகள் அடாரி எஸ்டிக்கு எழுதியதையே அப்படியே மாற்றிப் போட்டவை. அமிகாவின் பலம் எதையும் அவை தொடவில்லை.

ஆனால் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் பாப் பேப் எழுதிய ஆர்-டைப்பைப் பாருங்கள். அந்தக் கணினியில் 8க்கு 8 புள்ளிச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிறம். ஒரு சதுரத்துக்குள் கப்பலும் சுவரும் சந்தித்தால் நிறம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பலர் இதற்குப் பயந்து முழு ஆட்டத்தையும் ஒற்றை நிறத்தில் வரைந்தார்கள். பேப் பயப்படவில்லை. நிறம் நிறைந்த ஆர்-டைப், அதுவும் ஆட்டம் கெடாமல். ஆர்கேடோடு ஒப்பிட்டால் அது குழந்தைக் கிறுக்கல் மாதிரித் தெரியலாம். அந்த இயந்திரத்தை அறிந்தவர்களுக்கு அது கைவினை.

ஆர்கேடைவிட மேலான போர்ட் உண்டா?

உண்டு. ஓடிக்கொண்டே சுடும் ஆட்டமான 1988இன் என்இஎஸ் (ஃபேமிகாமின் மேல்நாட்டுப் பதிப்பு) கான்ட்ரா எனக்கு ஆர்கேட் கான்ட்ராவைவிடப் பிடிக்கும். கொனாமியே எழுதியது. நின்றவாக்குத் திரையை விட்டு அகலத் திரைக்கு எல்லாவற்றையும் மறுபடி வடிவமைத்தார்கள். தாவல் கச்சிதமானது, கட்டங்கள் நீளமாயின. நகல் எடுக்காமல் புதிதாகச் செய்தார்கள். இதன் ஃபேமிகாம் பதிப்பில் தனிச் சிப் இருந்ததால் இலைகள் காற்றில் ஆடுவதையும் பனி விழுவதையும்கூடப் பார்க்கலாம்.

1999இல் சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலுக்கு வந்த வாள் சண்டை ஆட்டம் சோல்காலிபர் இன்னொன்று. அதன் ஆர்கேட் பலகை பிளேஸ்டேஷன் வழியில் வந்தது, டிரீம்காஸ்ட் அதைவிடப் பல மடங்கு பலமானது. வீடு ஆர்கேடை முந்திவிட்டது என்று ஊரே ஒப்புக்கொண்ட நாள் அதுதான்.

நியோ ஜியோவை இந்த ஒப்பீட்டில் சேர்க்கலாமா?

சேர்க்கத் தேவையில்லை. 1990இன் வீட்டு நியோ ஜியோவும் ஆர்கேட் நியோ ஜியோவும் உள்ளே ஒன்றுதான். அது போர்ட் இல்லை, அதே ஆட்டம்.

முப்பரிமாண ஆட்டங்களுக்கும் இதே அளவுகோல்தானா?

அதேதான், ஆனால் ஃபிரேம் எண்ணிக்கை முன்னுக்கு வந்துவிடுகிறது. கார் பந்தய ஆட்டமான ரிட்ஜ் ரேசர் ஆர்கேடில் நொடிக்கு 60 ஃபிரேம். 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷனோடு வெளிவந்தபோது 30. தெளிவும் குறைந்தது. ஆனாலும் வளைவில் வழுக்கிக்கொண்டு போகும் சுகம் அப்படியே இருந்தது. முழு ஆட்டமும் நினைவகத்தில் ஏறிவிடுவதால், வட்டை எடுத்துவிட்டு உங்கள் பாட்டு சிடியைப் போட்டுக்கொண்டே ஓட்டலாம்.

1995இல் சேகா சாட்டர்ன் கன்சோலுக்கு வந்த இன்னொரு கார் பந்தயமான டேடோனா 20 ஃபிரேம்தான். மலையும் பாலமும் திடீர் திடீரென்று முளைக்கும். கார் கையில் நன்றாகவே நிற்கிறது, ஆனால் கண்ணுக்குப் பாதை முன்கூட்டித் தெரியாவிட்டால் கை என்ன செய்யும்? அதே 1995இன் கடைசியில் வந்த சண்டை ஆட்டம் விர்ச்சுவா ஃபைட்டர் 2 பாடம் கற்றுக்கொண்டது. முப்பரிமாணப் பின்னணியைத் தட்டைப் படமாக்கிவிட்டு, 60 ஃபிரேமைக் காப்பாற்றினார்கள். எது உயிர், எது உடுப்பு என்று முன்னே கேட்டேனே, அதற்கு இதைவிடச் சரியான விடை இல்லை.

எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி ஆட்டங்களுக்குச் சாட்டர்னா, பிளேஸ்டேஷனா?

சாட்டர்ன். 4 மெகாபைட் கூடுதல் ராம் கேட்ரிட்ஜோடு 1997இல் வந்தது. ஆட்டத்தின் நடுவே வீரரை மாற்றிக்கொள்ளும் வசதிதான் இந்த ஆட்டமே. பிளேஸ்டேஷனில் நினைவகம் போதாமல் அதை எடுத்துவிட்டார்கள்.

நான் ஆடிய போர்ட் மெதுவாக இருந்தது. பதிப்பே மோசமா?

முதலில் அது 50 ஹெர்ட்ஸ் பதிப்பா, அதாவது நொடிக்கு 50 முறை படம் வரைவதா என்று பாருங்கள். பால் (PAL) என்ற ஐரோப்பிய ஒளிபரப்பு முறை டிவிகளுக்காக வந்த பல கேட்ரிட்ஜ்கள் 60க்கு எழுதிய ஆட்டத்தைத் திருத்தாமல் 50இல் ஓட்டின. ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும், மேலும் கீழும் கருப்புப் பட்டை விழும், இசையும் இழுக்கும். ஒரு நல்ல போர்ட்டைப் பல வருடம் நான் குறைத்து எடைபோட்டதற்கு இதுவே காரணம். 60இல் ஓட்டிப் பார்த்த அன்று வேறு ஆட்டம் போல இருந்தது.

இன்றைய டிவியின் தாமதத்தையும் கவனியுங்கள். கேம் மோட் போடாமல் எந்தப் போர்ட்டையும் எடைபோட வேண்டாம்.

மேம் (MAME) மாதிரி எமுலேட்டரில், அதாவது பழைய இயந்திரத்தைக் கணினியில் பாவனை செய்யும் நிரலில், அசல் ஆர்கேட் ஆட்டமே கிடைக்கும்போது பழைய போர்ட்டை எதற்கு ஆடுவது?

மேம் 1997இலிருந்து இருக்கிறது, நானும் அசலை அதில்தான் சரிபார்க்கிறேன். அசல் மட்டும் வேண்டுமென்றால் அது போதும். போர்ட் சொல்வது வேறொன்று. 128 பைட்டில் ஒருவர் எப்படி யோசித்தார் என்று எமுலேட்டரில் ஓடும் அசல் சொல்லாது.

சரி, ஒப்பிட்டுப் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

விண்கப்பலில் பறந்து சுடும் கிரேடியஸிலிருந்து. ஆர்கேட் பதிப்பை அரை மணி நேரம் ஆடுங்கள். கப்பலின் பின்னால் நிழல் போல வரும் ஆப்ஷன் உருண்டைகள் அங்கே நான்கு வரை சேரும். பிறகு 1986இன் என்இஎஸ் பதிப்பைப் போடுங்கள். இங்கே இரண்டுதான், ஒரு வரியில் எட்டு உருவத்துக்கு மேல் காட்ட முடியாத கன்சோல் இது. இரண்டு உருண்டையோடு முதல் எரிமலையைக் கடந்து பாருங்கள். பாறைகள் பறக்கும்போது உங்கள் கை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று கவனியுங்கள். ஆர்கேடில் ஒதுங்கிய அதே பக்கம்தான்.